ரொறன்ரோ கோடையில் ஸ்பிளாஷ் பேடா, வேடிங் பூலா?

ரொறன்ரோ நகரசபை தன் பூங்காக்களில் பிள்ளைகளுக்காக அமைத்துள்ள ஸ்பிளாஷ் பேட் என்னும் நீர் விளையாட்டுத் தளம், வேடிங் பூல் என்னும் ஆழம் குறைந்த குளம் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஸ்பிளாஷ் பேடில் தரையிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் பீறிடும் நீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் மூழ்கும் அபாயம் மிகக் குறைவு. அதனாலேயே அங்கே காவல் பணியாளர் இருப்பதில்லை, ஈரத்தரையில் ஓடி வழுக்கும் பிள்ளையைப் பெற்றோரே கவனிக்க வேண்டும். வேடிங் பூலில் பணியாளர் உண்டு. ஆனாலும் ஆழம் குறைந்த நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும் என்பதால், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்பது அவசியம்.

பருவமும் வேறுபடும். ஸ்பிளாஷ் பேட் வழக்கமாக மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை இயங்கும். வேடிங் பூலோ பெரும்பாலும் பள்ளி விடுமுறைக் காலத்துக்கு மட்டுமே.

முகத்தில் நீர் அடித்தால் மிரளும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வேடிங் பூலே இதமானது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு, அதிலும் அம்மம்மா, தாத்தாவையும் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு நான் ஸ்பிளாஷ் பேடையே பரிந்துரைப்பேன். எங்கே சென்றாலும் நீரை விழுங்கவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள், ஏனெனில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குளோரின் கலந்த நீரிலும் நாட்கணக்கில் உயிர்வாழும்.