'தி ஷைனிங்': நாவலில் இருக்கும் அப்பா படத்தில் இல்லை

ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' நாவல் 1977இல் வெளிவந்தது. ஸ்டான்லி குப்ரிக் அதை 1980இல் படமாக்கினார். படம் பார்த்தவர்கள் நிறைய, புத்தகம் படித்தவர்கள் குறைவு. "படம்தான் பார்த்தாச்சே, கதை தெரியுமே" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தது படத்தின் கதை. நாவல் வேறு ஆளைப் பற்றியது. இரண்டின் முடிவையும் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் இன்னும் பார்க்காதவர்கள், படிக்காதவர்கள் யோசித்துவிட்டு மேலே வாருங்கள்.

கதைச்சுருக்கம் இவ்வளவுதான்: ஜாக் டாரன்ஸ் குடியை விட்ட ஒரு வாத்தியார். மாணவன் ஒருவனை அடித்ததில் வேலை போய்விட்டது. கொலராடோ மலையில் உள்ள ஓவர்லுக் ஹோட்டலைக் குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். பனியில் பாதையும் அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பழைய குடிக்கூட்டாளி ஒருவனின் சிபாரிசில் ஜாக்குக்குக் கிடைக்கிறது. மனைவி வெண்டியோடும் ஐந்து வயது மகன் டேனியோடும் அங்கே போகிறான். டேனிக்கு மற்றவர்கள் மனதில் ஓடுவது கேட்கும். ஹோட்டலில் இருப்பவை எல்லாம் உயிரோடு இருப்பவை அல்ல.

பேய்க்கதைக்கு இது போதும். ஆனால் நாவலில் பேய் வர வெகுநேரம் ஆகிறது, அதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. டேனி தன் அப்பா குடிப்பதைக் 'கெட்ட விஷயம்' என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்வான். அம்மாவின் மனதில் ஓடும் 'விவாகரத்து' என்ற சொல் அவனுக்குத் தெரியும். சிவப்பு எழுத்தில் எழுதிய பலகையாக, எழுத்தெல்லாம் பாம்பு சீறுவதாக அது அவனுக்குத் தெரிகிறது. செத்தவர்களைப் பார்க்கக்கூடிய பையனுக்கு அந்த ஒரு சொல்தான் பெரிய பயம். ஜாக்கோ குடியை விட்டபின்னும் தலைவலி மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்றுகொண்டிருக்கிறான், உதட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அவன் கை உதட்டுக்குப் போகும்போதெல்லாம் வெண்டி கவனிக்கிறாள்.

என் அப்பாவும் குடித்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே அடியோடு நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகும் பல வருஷம், அவர் வர நேரமானால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்துக்குக் காது கொடுப்பார். ஒரே மிதியில் ஸ்டாண்டு விழுந்துவிட்டால் சரி. இரண்டாவது மிதி கேட்டால் அம்மா முகம் மாறிவிடும். இருட்டில் கால் சரியாகப் பட்டிருக்காது, அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் மாறும். அந்த நிமிஷத்தை இத்தனை துல்லியமாக எழுதிய இன்னொரு திகில் நாவலை நான் படித்ததில்லை. கிங் பிற்பாடு தன் குடிப்பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் பல பக்கங்கள் இன்னும் கனமாகத் தெரியும்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியில் பேயே இல்லை. ஜாக் கூரையில் ஏறி ரிப்பேர் வேலை பார்க்கிறான். உள்ளே குளவிக்கூடு. கை கொட்டு வாங்குகிறது. மருந்துப் புகை போட்டுக் குளவிகளைக் கொன்றுவிட்டு, வெறும் கூட்டை டேனிக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுக்கிறான். பையன் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். ராத்திரி கூட்டிலிருந்து குளவிகள் வருகின்றன. அப்பா பாசத்தோடு கொடுத்த பொருள்தான் பிள்ளையைக் கொட்டுகிறது. மருந்தில் கோளாறா, ஹோட்டலின் வேலையா, இல்லை ஜாக் சரியாகப் பார்க்கவில்லையா? வெண்டியின் மனதில் மூன்றாவது சந்தேகம்தான் முதலில் வருகிறது. ஏற்கெனவே ஒரு முறை, தன் காகிதங்களில் டேனி பீரைக் கொட்டிய கோபத்தில், இதே பிள்ளையின் கையை ஜாக் ஒடித்தவன்.

குப்ரிக் இந்தக் குளவிகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஜாக்கின் அப்பாவையும் விட்டுவிட்டார். என் பெரிய வருத்தம் இரண்டாவதுதான். நாவலில் ஜாக்கின் அப்பா ஆஸ்பத்திரி ஊழியர், வெள்ளை உடுப்போடு பீர் வாசனையோடு வீட்டுக்கு வருவார். சின்ன ஜாக் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்வான். அவர் அவனைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கி 'லிஃப்ட்' விளையாட்டு காட்டுவார், போதையில் சிலநாள் கை நழுவிக் கீழே போட்டும் விடுவார். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் காரணமே இல்லாமல் மனைவியைக் கைத்தடியால் அடித்து நொறுக்குகிறார். அவர் அப்போது சொன்ன வார்த்தைகளைக் கடைசியில் ஜாக் தன் குடும்பத்திடம் சொல்கிறான். ஹோட்டல் ஜாக்கைப் பிடிக்கிற வழி இதுதான். படத்தில் இந்த வேர் இல்லாததால், பிடித்தது ஏன் என்பதற்குப் பதிலே இல்லை.

படத்தில் ஜாக்காக வரும் ஜாக் நிக்கல்சன் பெரிய நடிகர், மறுக்கவில்லை. ஆனால் மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போதே அவர் முகத்தில் வெறி தெரிகிறது. இந்த ஆள் கெட்டுப்போக ஹோட்டல் எதற்கு? நாவலில் ஜாக் பனிவண்டிக் கொட்டகையில் நிற்கும் அத்தியாயத்தைப் படியுங்கள். வண்டியைக் கிளப்பினால் மனைவியும் பிள்ளையும் பிழைப்பார்கள், அது அவனுக்குத் தெரியும். வேலையும் போய், காசும் இல்லாமல், மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். வண்டியைக் கிளப்பத் தேவையான மேக்னட்டோவைக் கழற்றிப் பனிக்குள் வீசி எறிகிறான். படிக்கும்போது "வேண்டாம்டா" என்று சொல்லத் தோன்றும். படத்தில் அவனை அப்படித் தடுக்க எனக்கு ஒரு இடத்திலும் தோன்றவில்லை.

சரி, படம் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. டேனி மூன்று சக்கர சைக்கிளில் வராந்தாக்களைச் சுற்றும் காட்சி ஒன்று. மரத்தரையில் சக்கரம் கடகடவென்று இரைகிறது, கம்பளத்தில் ஏறியதும் சத்தமே இல்லை, மறுபடி மரம், மறுபடி இரைச்சல். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்று உடம்பு இறுகிவிடும். கேரட் பிரவுன், கேமரா குலுங்காமல் நகர்ந்து படம்பிடிக்கத் தான் கண்டுபிடித்த ஸ்டெடிகாம் கருவியைத் தரையோடு தரையாக வைத்து அதை எடுத்திருக்கிறார். அந்த உட்புறம் முழுக்க இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் போட்ட செட். வெளித்தோற்றத்துக்கு ஓரிகானில் உள்ள டிம்பர்லைன் லாட்ஜ். விருந்தினர்கள் பயந்து அறை எடுக்காமல் போய்விடுவார்கள் என்று அந்த லாட்ஜ் கேட்டுக்கொண்டதால்தான் நாவலில் பேய் இருக்கும் அறை 217 படத்தில் 237 ஆனது.

நாவலில் விலங்கு வடிவில் வெட்டிய புதர்கள் நகர்ந்து வந்து தாக்கும். எனக்கு அது எழுத்திலேயே எடுபடவில்லை, நீளமாகவும் இருக்கிறது. குப்ரிக் அதற்குப் பதிலாகப் பிரம்மாண்டமான புதிர்ப்பாதையை வைத்தது நல்ல முடிவு. ஆனால் ஹோட்டலின் சமையல்காரர் ஹாலரனை மயாமியிலிருந்து அவ்வளவு தூரம் வரவழைத்து, உள்ளே நுழைந்ததும் கோடாலியால் கொன்றது எனக்கு ஆகவே இல்லை. நாவலில் அவர் பிழைத்து, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கூட்டிப்போகிறார்.

முடிவும் அப்படித்தான். படத்தில் ஜாக் பனியில் உறைந்து சாகிறான், அப்புறம் 1921 ஜூலை 4 என்று போட்ட, ஜாக்கும் இருக்கும் அந்தப் புகைப்படம். அழகான புதிர். நாவலில், மரச்சுத்தியலோடு நிற்கும் ஜாக்கின் முகத்தில் ஒரு கணம் நிஜமான அப்பா திரும்பி வருகிறார். "ஓடிப் போ, நான் உன்மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறேன் என்று மறக்காதே" என்கிறார். உடனே ஹோட்டல் அவனை மறுபடி எடுத்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்ட பாய்லர் வெடித்து எல்லாம் போகிறது. அந்தப் பக்கத்தில் நான் அழுதேன்.

அதற்காக, நாவலை அப்படியே எடுத்தால் நல்ல படம் வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1997இல் கிங்கே திரைக்கதை எழுதி, தனக்குக் கதை தோன்றிய ஸ்டான்லி ஹோட்டலிலேயே எடுத்த தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, பயம்தான் இல்லை. நேரம் மிச்சம், விட்டுவிடலாம்.

நாவலை முதலில் படியுங்கள், ஆங்கிலம் கடினமில்லை. வீட்டில் இப்போதுதான் இந்தக் குடிப் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அறை 217ஐவிட முதல் நூறு பக்கம்தான் தாங்காது. படத்துக்கு 144 நிமிடப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். ஐரோப்பாவில் ஓடிய 119 நிமிடப் பதிப்பில், டேனியைப் பார்க்க வந்த டாக்டரிடம் வெண்டி பேசும் காட்சியை வெட்டிவிட்டார்கள். பிள்ளையின் கையில் அடிபட்ட கதையை ஏதோ சாதாரண விபத்துபோலச் சிரித்துக்கொண்டே சொல்வார் வெண்டியாக நடித்த ஷெல்லி டுவல், விரலிடுக்கில் சிகரெட் சாம்பல் நீண்டுகொண்டே போகும். நாவலின் வீடு படத்தில் எனக்குத் தென்பட்டது அந்த ஒரு காட்சியில்தான்.