பழைய வண்டிக் கதவில் எந்த முகம்: எலியா, மரங்கொத்தியா, மூன் கண்களா?

கலிபோர்னியாவில் நான் வைத்திருக்கும் பழைய செவ்ரோலே பிக்கப்பின் கதவுகளுக்கு ஒரு கேலிச்சித்திரச் சின்னத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கும் ஹாட் ராட் உலகில் இதற்கு மூன்று முகங்கள் முன்னணியில் நிற்கின்றன: கார் ஓவியர் எட் ராத்தின் ராட் ஃபிங்க் எலி, கிளே ஸ்மித் நிறுவனத்தின் மிஸ்டர் ஹார்ஸ்பவர் மரங்கொத்தி, உதிரிபாகத் தயாரிப்பாளர் டீன் மூனின் மூன் ஐஸ் என்ற ஒரு ஜோடிக் கண்கள். பிளிமத் ரோடு ரன்னர் காரின் சின்னம் போன்றவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 1968இல் வார்னர் பிரதர்ஸிடம் உரிமை பெற்று ஆலையே ஒட்டி அனுப்பிய கேலிச்சித்திரப் பறவை அது. அந்தக் காருக்குத்தான் அது பொருந்தும். நான் மூன் கண்களைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓவியமாக மட்டும் பார்த்தால் ராட் ஃபிங்குக்கு ஈடு இல்லை. பச்சை உடல், பிதுங்கிய கண்கள், கூரிய பற்கள், ஆர்.எஃப். என்று எழுதிய சிவப்பு ஆடை என்று மிக்கி மவுஸின் தூய்மைக்கு நேரெதிராக நிற்கும் அந்த எலி, கார் கண்காட்சிகளில் ராத் டி-ஷர்ட்டுகளில் வரைந்து விற்ற பூத உருவங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1963இல் ரெவெல் நிறுவனம் அதைப் பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்ட பிறகு, கார் ஓட்டும் வயதை எட்டாத சிறுவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த எலி எந்த உதிரிபாகத்தையும் குறிக்கவில்லை. ஒரு மனப்போக்கை மட்டுமே குறிக்கிறது.

மரங்கொத்தியின் பெருமை வேறு வகையானது. கிளே ஸ்மித் பந்தய எஞ்சின்களுக்குக் கேம்ஷாஃப்ட், அதாவது எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் சுழல்தண்டு, செதுக்கியவர். 1952 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் டிராய் ரட்மன் வென்ற காரின் தலைமை மெக்கானிக்கும் அவரே. 1954இல் இல்லினாய் மாநிலத்தின் டு குவாய்ன் பந்தயத் தளத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்தார். சிவப்புத் தலையும் வாயில் சுருட்டுமாக முறைக்கும் அந்தப் பறவையைக் கதவில் வைத்தால், உள்ளே அவருடைய பெயர் தாங்கிய கேம்ஷாஃப்ட் சுழல்கிறது என்று சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். என் எஞ்சினில் அது இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். கதவு என்பது வண்டியில் அதிகம் அடிபடும் இடம். பக்கத்து வண்டியின் கதவு இடிக்கும், சக்கரம் வாரியடிக்கும் சரளைக்கல் கீழ்ப்பகுதியைக் கொத்தும், தெற்குக் கலிபோர்னியாவின் வெயில் ஆண்டு முழுவதும் காயும். எனவே ஒரு சின்னம் முதல் நாள் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, அதில் ஒரு மூலை பெயர்ந்த பிறகு அந்த மூலையை மட்டும் சரிசெய்ய முடியுமா என்பதே முக்கியமான கேள்வி. வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் நிழல் கொடுத்து வரைந்த எலியின் கன்னத்தில் ஒரு துண்டு போனால், அந்தப் பச்சையின் படிநிலைகளை மறுபடி பிடிப்பது கடினம். ஒட்டுப்போட்டது தெரியும், அல்லது முழு முகத்தையும் திரும்ப வரைய நேரும். மரங்கொத்தியில் நிறங்கள் தட்டையானவை என்பதால் வேலை எளிது. ஆனால் சிவப்பு வெயிலில் பெரும்பாலும் மற்ற நிறங்களுக்கு முன்பே வெளுக்கும். புதிதாகப் பூசிய இடம் பழைய சிவப்பின் நடுவே தனித்துத் தெரியும். மூன் கண்களில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. விளம்பரப் பலகை எழுதும் எவரும் எனாமலும் தூரிகையும் கொண்டு, பெயர்ந்த வளைவை மட்டும் நிரப்பிவிடலாம். எங்கே கை வைத்தார்கள் என்பது தெரியாது.

எளிய வடிவம் என்பதால் அதற்கு வரலாறு குறைவு என்று பொருளல்ல. டீன் மூனின் அலுமினிய எரிபொருள் தொட்டிகளும், காற்றுத்தடையைக் குறைக்கச் சக்கரத்தை மூடும் வட்டத் தகடுகளும் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் நடக்கும் வேக ஓட்டங்களில் பேர் பெற்றவை. கேரல் ஷெல்பியின் முதல் கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரில் ஃபோர்டு எஞ்சினைப் பொருத்தியதும், 1962இல், சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் இருந்த மூனின் பட்டறையில்தான். 1987இல் அவர் மறைந்த பின்னும் ஜப்பானிய ஆர்வலர்கள் அந்தக் கண்களை வாழவைத்தார்கள். இன்று யோகோஹாமாவில் ஆண்டு இறுதியில் அவர்கள் நடத்தும் ஹாட் ராட் கண்காட்சி உலகப் புகழ் பெற்றது.

இந்த வாதம் கையால் வரைவதற்கே முழுமையாகப் பொருந்தும். வினைல் ஸ்டிக்கர் ஒட்டுபவர், கிழிந்தால் வேறொன்று வாங்கி ஒட்டலாம். அவருக்குப் பராமரிப்பு பெரிய அளவுகோல் அல்ல, மனத்துக்குப் பிடித்த எலியையே எடுக்கலாம். ஏர்பிரஷ் ஓவியத்தின் மேல் நல்ல கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் எலியும் நெடுங்காலம் தாங்கக்கூடும். அதை நான் செய்து பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்லமாட்டேன். எஞ்சினில் கிளே ஸ்மித் கேம்ஷாஃப்ட் இருப்பவர், சிவப்பு வெளுத்தாலும் பொருட்படுத்தாமல் மரங்கொத்தியையே வரைய வேண்டும் என்பது என் கருத்து. மூன் கண்களை வரைபவர் ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஓவியரிடம் சொல்லிவிட வேண்டும்: இரு கதவுகளிலும் கருவிழிகள் வண்டியின் முன்பக்கம் பார்க்குமாறு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி வரைய வேண்டும்.