மயக்க டாக்டருக்கும் ஒரு ரிவ்யூ

எல்லோரும் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் மயக்க மருந்துப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர். கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தியதில் விரலில் இழை நிற்கவில்லை, அப்புறம் நடை பின்னியது. ஆபரேஷன் என்று முடிவானதும் மயக்க டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

"ஐயா, மெதுவா அண்ணாந்து பாருங்க. கை சுருக்குன்னா அங்கேயே நிறுத்திடுங்க" என்றார். மூச்சுக்குழாய் போடத் தலையைப் பின்னால் சாய்ப்பது வழக்கம். இவருக்கு அது ஆகாதென்பதால் கேமரா உள்ள கருவியை வைத்து, கழுத்தை அசைக்காமல் போடுவதாகச் சொன்னார். கால் எப்போதிருந்து பலவீனம் என்று துருவித் துருவிக் கேட்டார். சக்ஸினைல்கோலின் என்று தசையைத் தளர்த்தும் ஓர் ஊசி உண்டாம். நரம்புத் தொடர்பு கெட்ட தசையிலிருந்து அது பொட்டாசியத்தை ரத்தத்தில் கொட்டவைத்து, இதயத்தையே நிறுத்திவிடக்கூடுமாம். அதை இவருக்குத் தொடமாட்டோம் என்றார்.

முழு மயக்கமும் ரத்தக்குழாயில் ஏற்றும் ஊசி வழியாகத்தான், மூச்சில் இழுக்கும் மயக்க கேஸ் கிடையாது. ஏன் என்று கேட்டேன், சலிக்காமல் சொன்னார். ஆபரேஷன் நடக்கும்போதே தலையில் மின்துடிப்பு கொடுத்து, கையும் காலும் பதில் சொல்கின்றனவா என்று பார்ப்பார்களாம். தண்டுவடத்துக்கு ஏதாவது ஆனால் உடனே தெரியவேண்டும் அல்லவா? கேஸ் அந்தப் பதிலை மங்கடித்துவிடும், தசை தளர்த்தும் மருந்து அறவே அமுக்கிவிடும். அதனால் புரோபோபால் என்ற வெள்ளை மயக்க மருந்தும் வலி மருந்தும் பம்ப்பில் சொட்டுக் கணக்காக ஏறும். மின்துடிப்பில் தாடை வெட்டி நாக்கைக் கடித்துவிடக்கூடும் என்று பல்லுக்கு நடுவில் துணிச்சுருள் வைப்பார்களாம். இதையெல்லாம் யார் நம்மிடம் சொல்கிறார்கள்!

"நடுவுல முழிச்சுட்டா?" என்று என் நாத்தனார் பயமுறுத்தியிருந்தாள். அதையும் கேட்டேன். நெற்றியில் ஒட்டும் பட்டை மூளை அலையை அளந்து எண்ணாகக் காட்டும், நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வைத்திருப்போம் என்றார். ரத்த அழுத்தத்தையும் இறங்க விடமாட்டார்களாம், அழுத்தப்பட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் குறையக்கூடாதே.

அந்த வெள்ளை மருந்து ஏறும்போது கை எரிந்ததாக இவர் சொன்னார். தொண்டை கரகரத்தது. வாந்தி இல்லை. கண் விழித்ததும் "ரெண்டு காலையும் ஆட்டுங்க" என்றார்கள், ஆட்டினார்.

இனி குறை. சம்மதப் படிவம் முழுக்க இங்கிலீஷ். டாக்டரம்மா அவ்வளவு நேரம் தமிழில் விளக்கியதில் ஒரு வரிகூட அதில் தமிழில் இல்லை. பில்லில் 'மயக்கப் பொருட்கள்' என்று ஒரே வரி, பெரிய தொகை. பிரித்துக் கேட்டால் கவுண்டரில் "சிஸ்டத்துல அப்படித்தான் வரும்மா" என்கிறார்கள். டாக்டரம்மாவுக்கு ஐந்து ஸ்டார், கவுண்டருக்கு ஒன்று. போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே விவரமான பில் எழுதிக் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் நாளைக்கு வாங்க என்பார்கள்.