செயினுக்கு கியர் ஆயிலா, ஸ்ப்ரேயா?

பைக் செயினுக்கு 90 கிரேடு கியர் ஆயில் போதுமா, செயினுக்கென்றே வரும் மசகு ஸ்ப்ரேதான் (செயின் லூப்) வேண்டுமா? இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

கியர் ஆயில் மலிவு. ஒரு லிட்டர் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே செயினின் உட்பக்கம் தடவினால் ரோலருக்குள் நன்றாக இறங்கும். ஆனால் தெறிக்கும். அப்படியே வண்டியை எடுத்தால் ரிம்மில் கறுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். ராத்திரியே போட்டுவிட்டு, காலையில் மேலாகத் துணியால் துடைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஸ்ப்ரே விலை அதிகம், சீக்கிரம் தீரும். ஆனால் ஒட்டிக்கொண்டு நிற்கும், மழைக்குச் சட்டென்று கழுவிப் போகாது. மண் ரோட்டில் அந்தப் பசையே தூசியை இழுத்துக்கொள்ளும்.

எதைப் போட்டாலும் முதலில் மண்ணெண்ணெயில் அழுக்கை எடுத்து, துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், செயின் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கெட்டுவிடும். அப்புறம், இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துடைக்காதீர்கள், விரல் போய்விடும்.

தினசரி ஓட்டத்துக்கு என் ஓட்டு கியர் ஆயிலுக்குத்தான், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் வெளியூர் கிளம்பினால் மட்டும் ஸ்ப்ரே.