பிராம்லியா, ஆனி எலிசபெத்தா?

இங்கிலாந்தில் கடித்துத் தின்னும் ஆப்பிள் வேறு, அடுப்பில் ஏற்றும் ஆப்பிள் வேறு. அடுப்புக்கானதைக் கடையில் தேடினால் அநேகமாக பிராம்லிதான் கிடைக்கும். அதனால் சமையல் ஆப்பிள் என்றாலே பிராம்லி என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. லெஸ்டர் நகரில் பிறந்த ஆனி எலிசபெத் என்ற ஆப்பிள் வகையையும் ஒருமுறை வாணலியில் போட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இரண்டுமே விதையிலிருந்து தற்செயலாக வந்தவை. பிராம்லி மரத்துக்கு 1809-இல் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி விதை போட்டாள். 1846-இல் அந்த வீட்டை மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக்காரர் வாங்கினார். பத்து வருடம் கழித்து ஹென்றி மெர்ரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டபோது, தன் பெயரை வைத்தால் தருகிறேன் என்றார் பிராம்லி. விதைத்தவளுக்குப் பெயரில் இடமில்லை! ஆனி எலிசபெத்தின் கதை வேறு. சாமுவேல் கிரேட்டோரெக்ஸ் என்ற நீதிமன்ற எழுத்தர் சுமார் 1857-இல் வளர்த்த மரம் அது. 1866-இல் கைக்குழந்தையாக இறந்துபோன மகளின் பெயரை அதற்கு வைத்தார்.

சரி, அடுப்புக்கு வருவோம். பிராம்லியில் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. தோல் சீவி நறுக்கி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மூடினால் சில நிமிடங்களில் பொங்கிக் குழைந்து நுரைபோல் ஆகிவிடும். வறுத்த பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஆப்பிள் சாஸுக்கு அந்தப் புளிப்பை அடிக்க ஆளில்லை. ஆனால் பழம் துண்டு துண்டாகத் தெரியவேண்டிய பலகாரத்துக்கு அதைப் போட்டால் கஞ்சிதான் மிஞ்சும். ஆனி எலிசபெத் வெந்தபிறகும் வடிவம் கலையாமல் நிற்கும், சர்க்கரையும் குறைவாகவே கேட்கும். சாஸுக்கு அதை எடுத்தால் சப்பென்று இருக்கும், அதையும் சொல்லிவிடவேண்டும்.

மரமாக வளர்க்க நினைப்பவர்கள் பிராம்லி விஷயத்தில் யோசிக்கவேண்டும். அது பெரிதாகப் படரும் மரம். குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் அதன் மகரந்தம் பிற மரங்களுக்கு உதவாது. எனவே பக்கத்தில் ஒன்றல்ல, வேறு இரண்டு ஆப்பிள் மரங்கள் இருந்தால்தான் எல்லாம் காய்க்கும். ஆனி எலிசபெத் நிமிர்ந்து வளரும், பூக்கும்போது பார்க்க அவ்வளவு அழகு. அதற்கும் மகரந்தத்துக்குத் துணை மரம் இருந்தால் நல்லது, ஆனால் ஒன்று போதும். தோட்டம் மிகச் சிறியது என்றால் இரண்டையும் விட்டு ரெவரெண்ட் டபிள்யூ. வில்க்ஸ் வகையைப் பாருங்கள். குட்டை மரம், நிறையக் காய்க்கும், ஆனால் பழம் நவம்பருக்கு மேல் தாங்காது. பிராம்லி மார்ச் வரை இருக்கும். ஆனி எலிசபெத்தைக் குளிர்ச்சியான அறையில் பரப்பி வைத்தால் ஜூன்கூட எட்டும்.

ஒன்றே ஒன்று நடலாம் என்றால் என் ஓட்டு ஆனி எலிசபெத்துக்கு. பிராம்லிதான் கடையில் கிடைக்கிறதே! ஆப்பிள் பை (மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம்) செய்யும்போது ஒரு பங்கு பிராம்லி, இரண்டு பங்கு ஆனி எலிசபெத் போடுங்கள். அது கரைந்து சாஸாகும், இது அதற்குள் துண்டாக நிற்கும்.