உயிரை விட்ட பாண்டியன், கையை வெட்டிய பாண்டியன்

தன் தவறுக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்ட இரண்டு பாண்டியர்கள் சிலப்பதிகாரத்தில் வருகிறார்கள். நெடுஞ்செழியனை எல்லோருக்கும் தெரியும். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் 'யானோ அரசன் யானே கள்வன்', 'கெடுகவென் ஆயுள்' என்று சொல்லி அங்கேயே விழுந்து இறந்தான். பழியை அமைச்சர்மேலோ காவலர்மேலோ போடவில்லை. அந்த நேர்மை பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் அதனால் யாருக்கு ஆறுதல் கிடைத்தது? கோப்பெருந்தேவியும் இறந்தாள், கண்ணகியின் கோபம் தணியவில்லை, மதுரை எரிந்தது.

பொற்கைப் பாண்டியன் கதை வேறு. நகர்வலத்தில், கீரந்தை என்பவனின் மனைவி தனியாக இருப்பதாக நினைத்த வீட்டில் ஆண்குரல் கேட்டு, கதவைத் தட்டிவிட்டான். உள்ளே கணவனே இருந்தான். அந்தப் பெண்மேல் சந்தேகம் விழக்கூடாது என்று தெருவில் எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போனான் என்கிறது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அப்புறம் அவையில் தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு கையை வெட்டிக்கொண்டான்.

எனக்கு இவன் செய்ததே கூடுதல் பரிகாரமாகப் படுகிறது. வெட்டிய கையைவிட, முதலில் அவள் பெயரைக் காக்க நினைத்ததும், பழியோடு தொடர்ந்து வாழ்ந்து ஆண்டதும்தான் காரணம். சரி, கோவலன் உயிர் போனதற்கு ஒரு கை ஈடாகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் அரசன் உயிரும் ஈடாகவில்லையே. நெடுஞ்செழியன் உயிரோடு இருந்திருந்தால் பொய் சொன்ன ஒரு பொற்கொல்லனை முறையாக விசாரித்திருக்கலாம். அவனுக்குப் பின் வந்த வெற்றிவேற்செழியனோ கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்கிறது அதே காப்பியம்.