30 நாளில் சவாரிக்குத் தயார் என்பவரிடம் இளம் குதிரையைக் கொடுக்காதீர்கள்

சேணமே ஏறாத குதிரையைப் பழக்கக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பயிற்சியாளரின் பெயரை எழுதவில்லை. இதே வாக்குறுதியைச் சொல்லிக்கொண்டு இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

என் பெட்டைக் குதிரைக்கு 4 வயது. கழுத்தைத் தடவினால் தலையைத் தாழ்த்திக் கொடுப்பாள், நான்கு குளம்பையும் தயங்காமல் தூக்கிக் காட்டுவாள். முதுகில் மட்டும் எதுவும் ஏறியதில்லை. முதல் பாதி முழுக்கத் தரைப்பயிற்சி, பிறகு சேணம், பிறகு சவாரி, 30 நாளில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றார் அவர். பணத்தில் பெரும்பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். இடையில் வந்து பார்க்கக் கூடாது, சொந்தக்காரரைக் கண்டால் குதிரையின் கவனம் சிதறும் என்றும் சொன்னார். வீடியோ அனுப்பினார். எல்லாம் சில நொடித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆள் ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருப்பார். கடிவாளம் மாட்டுவது, ஏறுவது, இறங்குவது, தரையில் நின்று பழக்குவது ஒன்றில்கூட இல்லை.

பயிற்சி முடிந்தது என்று அவளைத் திருப்பி ஒப்படைத்த நாளில் அவள் சேணம் கட்டித் தயாராக நின்றாள். தலை மார்புக்கும் கீழே தொங்கியது. ஒரு பையன் ஏறி நடத்தினான், கொஞ்சம் ஓட்டினான், இறங்கினான். “பாத்தீங்களா, எவ்வளவு அமைதியாயிட்டா!” என்றார். கயிற்றைக் கொடுங்கள், நானே நடத்திப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, வண்டி காத்திருக்கிறது, அவளைக் களைப்பாக்க வேண்டாம் என்று அவசரமாக ஏற்றி அனுப்பிவிட்டார்.

மறுநாள் முகத்துக்குக் கை கொண்டுபோனதுமே தலையை உதறினாள். கடிவாளத்தைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் பின்னங்காலில் எழுந்து நின்றாள். வாயோரம் இரண்டு பக்கமும் புண். பின்னால் நகரச் சொன்னால் புரியவில்லை. விலாவில் விரல் வைத்தால் விலகாமல் விரலை நோக்கியே சாய்ந்து தள்ளினாள். தலைக்கயிறு கொஞ்சம் இறுகினால் பீதியோடு பின்னுக்கு இழுத்தாள். தரைப்பயிற்சியின் அரிச்சுவடிகூட அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

தரைப்பயிற்சி என்றால் கயிற்றைக் கட்டி வட்டமாக ஓடவிட்டுக் களைக்க வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விலாவில் லேசாக அழுத்துகிறோம், குதிரை ஓரடி விலகுகிறது, அந்தக் கணமே அழுத்தத்தை எடுத்துவிடுகிறோம். எடுக்கிற அந்தக் கணத்தில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. தாமதமாக எடுத்தால் அப்போது என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளும். தரையில் விரலுக்கு விலகக் கற்ற குதிரைக்குத்தான் மேலிருந்து கால் கொடுக்கிற அழுத்தம் விளங்கும். தலைக்கயிற்றுக்குக் கழுத்தை வளைத்து, பின்னங்கால்களை ஒதுக்கி நிற்கத் தெரிந்ததைத்தான், பின்னால் அது மிரண்டு ஓடும்போது லகானால் நிறுத்த முடியும். இது இல்லாமல் ஏறினால் மிச்சமிருப்பது வாயைப் பிடித்து இழுப்பது மட்டும்தான். வாயோரப் புண் வேறு எப்படி வரும்?

இதை இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் கிட்டத்தட்ட 350 பாகை வரை பார்க்கும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும்தான் தெரியாது. இடப்பக்கம் பழகிய துணி வலப்பக்கக் கண்ணுக்கு வந்தால் புதுப் பொருளைக் கண்டதுபோல மிரளக்கூடும். முதுகுக்கு மேல் ஓர் ஆள் உயர்ந்து தெரிவதற்கே அதைப் பழக்க வேண்டும். உயரமான பலகையில் இரண்டு பக்கமும் நின்று காட்டுவது, சேணத்துணியை வீசிப்போட்டு எடுப்பது, கால் வைக்கும் அங்கவடியை விலாவில் இடிக்கும்படி தொங்கவிடுவது, வயிற்றுவாரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது. எத்தனை நாள் ஆகும் என்பதைக் குதிரைதான் தீர்மானிக்கும். முதுகெலும்பின் வளர்தட்டுகள் (எலும்பு வளர்கிற குருத்தெலும்புப் பகுதிகள்) மூடிச் சேரவே 5 வயதுக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்ட முதுகில் யாருக்கு என்ன அவசரம்?

கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால், கடிவாள இரும்பு வந்து உட்காரும் இடத்துக்கு அருகில், ஓநாய்ப்பல் என்கிற சிறு பல் இருந்தது. எல்லாக் குதிரைக்கும் அது இருக்காது. இருந்தால் இரும்பு உரசி வலிக்கக்கூடும் என்பதால் முதல் முறை கடிவாளம் போடுவதற்கு முன்பே வாயைப் பரிசோதிப்பது பழக்குகிறவர்களுக்குத் தெரிந்த வழக்கம். அந்தப் பயிற்சியாளர் பார்க்கவே இல்லை. வலியில் அவள் வாயைத் திறந்தபோது மூக்குப்பட்டையை இறுக்கி மூடியிருக்கிறார். பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், வீடியோவில் தோல் பிதுங்குகிறது. பொருந்தாத சேணம் உறுத்தியதால், கழுத்து முதுகோடு சேரும் முன்முதுகு மேட்டின் இரண்டு பக்கமும் அழுத்தினால் துடித்தாள். சில மாதம் கழித்து அதே இடத்தில் வெள்ளை முடி முளைத்தது, அது இனி கருக்காது.

குதிரை மருத்துவர் சூ டைசனும் அவருடைய சகாக்களும் சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளை 2018-இல் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். காதைப் பின்னால் மடித்து வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலைச் சுழற்றி அடிப்பது எல்லாம் அதில் உண்டு. 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்துக்கொண்டு அந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. எல்லாம் கண்முன்னே இருந்திருக்கிறது.

ஒப்படைத்த நாளில் எடுத்த வீடியோவையும் மருத்துவரிடம் காட்டினேன். கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை (குதிரைக்குக் கூடுதலாக உள்ள சவ்வு போன்ற இமை) பாதி மூடியிருப்பதையும், கீழுதடு தளர்ந்து தொங்குவதையும், திரும்பும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னுவதையும் அவர் காட்டினார். அசிப்ரோமசின் மாதிரியான, குதிரையை மந்தமாக்கி அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்த குதிரை இப்படித்தான் நிற்கும், ஆனால் உறுதியாகச் சொல்ல ரத்தத்தில் பார்த்திருக்க வேண்டும் என்றார். அந்த மருந்து கொடுத்த குதிரை சாதுவாகத் தெரிந்தாலும் திடுக்கிட்டால் உதைக்கும், தடுமாறி விழவும் கூடும். அதன்மேல் ஒரு பையனை ஏற்றியிருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய குற்றம்.

பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். “உங்களுக்குக் கையாளத் தெரியல, நீங்கதான் கெடுத்துட்டீங்க” என்றார். இன்னொரு 30 நாள் விட்டால் சரிசெய்கிறேன், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். மருத்துவரின் அறிக்கையை அனுப்பிய பிறகு பதில் இல்லை. பணம் திரும்பவில்லை.

இப்போது வேறொரு பெண் பயிற்சியாளர் என் கண்முன்னே முதலிலிருந்து பழக்குகிறார். பல்லை எடுத்தாயிற்று, முதுகுக்கு ஓய்வு. கடிவாளம் இன்னும் இல்லை, வெறும் முகக்கயிறும் பொறுமையும்தான். விலாவில் விரல் வைத்தால் விலகுகிறாள். வாய்ப்பக்கம் கை போனால் இன்னும் நடுங்குகிறாள்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், சொல்லாமல் எந்த நாளும் வந்து பார்ப்பேன் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். வீடியோ கேட்டால் லாயத்தில் கடிவாளம் மாட்டுவதிலிருந்து சேணம் கழற்றுவது வரை வெட்டாமல் கேளுங்கள். ஒப்படைக்கும் நாளில் சேணம் இல்லாத குதிரையைக் கொண்டுவரச் சொல்லி, கயிற்றை உங்கள் கையில் வாங்கி, நடத்தி, நிறுத்தி, பின்னால் நகர்த்தி, இரண்டு பக்கமும் விலகச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஏறிக் காட்டட்டும். தலை தொங்கி, கால் பின்னி, இமை பாதி மூடி நின்றால் வண்டியில் ஏற்றாதீர்கள், ஓடும் வண்டியில் அதற்குச் சமநிலை தங்காது. அன்றே, அங்கேயே மருத்துவரை வரவழைத்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கை வரும்வரை மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.